சுண்ணாம்பில் எழுதிய வீடு

மக்களே, ஸ்டீபனும் ரெத்னாவும் ஒன்றாக இருந்து வாசிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஏழாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து இது. தப்பு இருந்தால் ரெத்னா திருத்திக்கொள்ளட்டும். சேதியைத் திருத்த வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஸ்டீபா, நீ பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற உங்கள் கமிட்டியைப் பற்றிச் சொன்னாய். நெய்யாற்றின்கரைக்கு மேற்கே ஒரு பழைய பலகை வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது, அறுப்பு மில்லுக்குப் போகாமல் அதை முழுசாக வாங்கி நிறுத்துகிற ஒரு ஆளைப் பிடித்துவிட்டோம், கடற்கரையில் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற இடமாக்கப் போகிறார்கள் என்றாய்.

"ஒவ்வொரு பலகையிலயும் லேபிள் ஒட்டப்போறோம் அப்பா. நீங்க ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போங்க. அங்க உள்ள பயலுகளுக்குக் கூரையில சரியுற கழுக்கோலுக்கும் அதத் தாங்குற உத்தரத்துக்கும் வித்தியாசம் தெரியாது."

"ஒட்டுனது மழையில போகுமேடே மக்கா" என்றேன்.

"அதுக்கு மேல பிளாஸ்டிக் உண்டு. போட்டோவும் எடுத்தாச்சு. நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க?"

நீங்கள் இரண்டுபேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பிறகு முட்டு வலிக்கிறது, வர முடியாது என்று சொன்னேன். முட்டு வலி உண்மைதான். வராததற்குக் காரணம் அது இல்லை. நான் எந்தக் காலத்தில் இருக்கிறேன் என்று கேட்டாயே, அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

எங்கள் தொழிலுக்குத் தனியாக ஒரு பெயர் கிடையாது. 'வீடு பிரிக்கிற கூட்டம்' என்பார்கள். பாறசாலைக்குச் சுற்றுவட்டாரத்தில் அப்போது கொஞ்சம் வசதியுள்ளவர்கள் வீடெல்லாம் மரம்தான். மண் சுவரோ கல் சுவரோ இல்லை. அயினியிலும் பலாவிலும் பலகை அறுத்து, ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் பள்ளத்தில் போய் உட்காருகிற மாதிரி நிரையாகக் கோத்து நிறுத்தியிருப்பார்கள். ஆணி ஒன்றுகூட இருக்காது. எல்லாம் கழுந்தும், அது ஏறுகிற துளையும், இறுக்குகிற ஆப்பும். நெல் போடுகிற அறை வீட்டின் நடுவில், வீட்டுக்குள் இன்னொரு வீடு மாதிரி இருக்கும். இப்படிப்பட்ட வீட்டைப் பிரித்து, வண்டியில் ஏற்றி, இன்னொரு ஊரில் அதேபடி நிறுத்தலாம். பங்கு பிரிகிறவர்கள், ஊர் மாறுகிறவர்கள், அணைக்கட்டு வரப்போகிறது என்று பயந்த கள்ளிக்காட்டுக்காரர்கள், எல்லாரும் எங்களைத் தேடி வந்தார்கள். வாங்கி நிறுத்த ஆள் கிடைக்காத வீடு மரக்கடைக்குப் போகும். அங்கே அறுத்துக் கட்டிலும் ஜன்னலும் ஆக்கிவிடுவார்கள்.

செல்லப்பன் மேஸ்திரியிடம் நான் சேர்ந்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. முதல் சில வருஷம் கயிறு பிடித்தது, ஓடு அடுக்கியது, திட்டு வாங்கியது, அவ்வளவுதான். அதை எழுதிப் பிரயோஜனமில்லை. மேஸ்திரியைப் பற்றி எழுத வேண்டும்.

அவர் ஒரு வீட்டைப் பிரிக்க ஒத்துக்கொண்டால் முதல் நாள் கருவியைத் தொடமாட்டார். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அறையிலும் போய்க் கொஞ்சநேரம் இருப்பார். தூணை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக் காதை வைப்பார். வீட்டுக்காரர் என்ன கேட்டாலும் "ம்" என்பதோடு சரி. இரண்டாம் நாள்தான் குறி வெட்டுவார். குறி என்றால் உளியால் போடுகிற சின்ன வெட்டு. கிழக்குச் சுவர் என்றால் ஒரு கோடு, தெற்கு இரண்டு, மேற்கு மூன்று, வடக்கு நாலு. கதவிலிருந்து எத்தனையாவது பலகையோ அத்தனை புள்ளி. புள்ளியை உளி முனையால் குத்தி எடுப்பார். குறி வெட்டி முடிகிறவரை எங்களில் ஒருவரும் அந்த வீட்டில் சாய்ந்து நிற்கக்கூடக் கூடாது. பிறகு கொட்டாப்புளியை எடுப்பார். மரச் சுத்தியல்தான் அது. இரும்புச் சுத்தியலை வீட்டு வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாது. ஆப்பை எந்தப் பக்கமிருந்து அடித்தார்களோ அதற்கு எதிர்ப்பக்கமிருந்து பைய, பையத் தட்டவேண்டும். பெரிய உத்தரம் இறங்கும்போது பேச்சு கூடாது. இருமல் வந்தால்கூட விழுங்க வேண்டியதுதான்.

புது இடத்தில் வீட்டை நிறுத்தி முடித்ததும் அவர் செய்கிற ஒரு காரியம் உண்டு. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தோளில் கிடக்கிற தோர்த்துத் துண்டால் கண்ணைக் கட்டி, வாசலில் விட்டுவிடுவார்.

"உள்ள போயிட்டு வாரும்."

அவர் தடுமாறாமல் நடந்து, கைபோகிற இடத்தில் தாழ்ப்பாள் இருந்து, தலை குனிகிற இடத்தில் நிலை இருந்தால் வேலை முடிந்தது. கள்ளிக்காட்டு வீடு ஒன்றைப் பாறசாலைக்குக் கிழக்கே நிறுத்தினோம். அந்த வீட்டுப் பெரியவர் கண்கட்டோடு நேரே சமையலறைக்குப் போய், ஊறுகாய்ப் பரணி வைக்கிற மாடத்தில் கையை விட்டார். வெறும் மாடம். "சவம், பரணிய எங்கலே வச்சீங்க?" என்று சத்தம் போட்டார். மேஸ்திரி அன்றைக்குச் சிரித்தது மாதிரி பிறகு நான் பார்த்தது இல்லை.

இனி மாவிளை வீட்டுக்கு வருகிறேன்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகவேண்டிய மாவிளை என்ற ஊரில் இருந்தது அந்த வீடு. நேசம்மா டீச்சர் அதில் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகாதவர். ஒரே தம்பி மலேயாவில். டீச்சரின் முப்பாட்டனார் மிஷன் காலத்தில் முதன்முதலாக ஞானஸ்நானம் வாங்கிய ஆட்களில் ஒருவர். பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்தால் அடி விழும் என்ற அந்தக் காலத்தில், இந்த வீட்டின் நெல்லறைக்குப் பின்னால் வைத்துப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சிலேட்டு கிடையாது. பலகைச் சுவரில் கரியால் எழுதி, ஈரத்துணியால் துடைத்து, மறுபடியும் எழுதினார்களாம். அந்தப் பக்கத்துப் பெண்களில் முதல் எழுத்து படித்தவர்கள் எல்லாரும் அந்தச் சுவரில் படித்தவர்கள்தான்.

வீட்டைக் காப்பாற்ற ஊர்க்காரர்கள் முயற்சி செய்யாமல் இல்லை. சபையார் கூடி ஒரு கமிட்டி போட்டார்கள். ஒரு மழைக்கு ஓலை கட்டினார்கள், இன்னொரு மழைக்குக் கரையான் பிடித்த இரண்டு தூணை மாற்றினார்கள். அதற்குமேல் அவர்களால் முடியவில்லை. மரக்கடைக்காரர் வாரம் ஒருமுறை வந்து முற்றத்தில் நின்று தூண்களை எண்ணிவிட்டுப் போவார். தம்பி மலேயாவிலிருந்து, யாருக்கானாலும் கொடுத்துவிடு என்று எழுதிவிட்டார். டீச்சர் ஒரே பிடியில் நின்றார்: நிறுத்துகிறவர்களுக்குத்தான் கொடுப்பேன், அறுக்கிறவர்களுக்குக் கொடுக்கமாட்டேன்.

கடைசியில் குழித்துறைப் பக்கத்து சபை ஒன்று முன்வந்தது. அவர்களுக்கு ஒரு வாசகசாலை வேண்டியிருந்தது. வீட்டை அப்படியே நிறுத்துவோம், நெல்லறைக்குப் பின்னால் சாயங்காலம் பெண்பிள்ளைகளுக்கு டீச்சரே வந்து பாடம் சொல்லலாம், வேலையிலிருந்து ஓய்ந்தபின் பின்கட்டில் தங்கிக்கொள்ளலாம் என்றார்கள். டீச்சருக்கு அந்த வார்த்தை போதும்.

அது எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். தமிழ் பேசுகிற தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், கடையடைப்பு, தடியடி. எங்கள் ஊர் எந்தப் பக்கம் போகும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. நெய்யாறுதான் எல்லை, ஆற்றுக்குத் தெற்கே எல்லாம் நம்ம பக்கம் என்று டீக்கடையில் மேசையில் தண்ணீரால் கோடு போட்டுக் காட்டுவார்கள். டீச்சரும் அப்படித்தான் நம்பினார். மாவிளையும் குழித்துறையும் ஒரே பக்கம்தானே, வீடு கொஞ்சம் தள்ளி உட்காருகிறது, அவ்வளவுதான் என்றார்.

மேஸ்திரி வந்தார். முதல் நாள் வழக்கம்போல வெற்றிலையும் மௌனமும். இரண்டாம் நாள் உளியை எடுத்து நெல்லறைப் பலகையில் வைத்தார். டீச்சர் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"மேஸ்திரி, என்ன செய்யப் போறீரு?"

"குறி வெட்டணும் டீச்சரே."

"இந்தப் பலகையிலயா? எங்க முப்பாட்டா காலத்துல இருந்து ஒரு கீறல் விழாம வச்சிருக்கோம். வெட்டாண்டாம்."

"சின்ன வெட்டாக்கும். பத்து நாளு கழிஞ்சா கண்ணுக்குத் தெரியாது."

"என் கண்ணுக்குத் தெரியும்."

மேஸ்திரி உளியைக் கீழே வைத்தார். அவர் அப்படி வைத்து நான் அதுவரை பார்த்ததில்லை. "பின்னே எப்படி டீச்சரே அடையாளம் வைக்க?"

"எழுதுவோம். இந்தப் பலகைக்கு எழுத்து புதுசு ஒண்ணும் இல்லையே."

அப்படித்தான் எழுத்து வந்தது. பெயின்ட் வேண்டாம், கறை பிடிக்கும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். சுண்ணாம்பைக் குழைத்து, கொஞ்சம் வச்சிரப் பசை சேர்த்தோம். வீடு நின்றபிறகு ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். ஒரு சுவருக்கு ஒரு எழுத்து வரிசை. கிழக்குச் சுவருக்குக் க, கா, கி, கீ. தெற்குக்கு ச, சா. நெல்லறைக்கு ம, மா. எங்கள் கூட்டத்தில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு பக்கம் டீச்சர், ஒரு பக்கம் நான். டீச்சர் எழுத்து கரும்பலகையில் எழுதுகிற மாதிரி உருண்டு, வரிபிசகாமல் வரும். என் எழுத்தைப் பார்த்து, "தங்கையா, இது 'கீ'யா, ஓணானா?" என்று கேட்டார். மற்றவர்கள் அன்று முழுவதும் என்னை ஓணான் என்றே கூப்பிட்டார்கள். எழுதி முடித்து முற்றத்தில் நின்று பார்த்தபோது, வீடு முழுவதும் ஒரு பெரிய அரிச்சுவடி மாதிரி இருந்தது. டீச்சர் கண் கலங்கினாரா சிரித்தாரா என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. மேஸ்திரி மட்டும் ஒரு பலகையைக் கட்டைவிரலால் தேய்த்து, விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டைப் பிரித்து ஏற்றிய முதல் நடையில் தூண், உத்தரம், கழுக்கோல், கதவு எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. இரண்டாம் நடை பலகைகள். புறப்பட வேண்டியதற்கு முந்தின நாள் ஊர்வலத்தில் கலவரம், தடியடி, பஸ் ஓடவில்லை. மேஸ்திரி இரண்டு நாள் பொறுக்கலாம் என்றார். ஆனால் மேற்கே மேகம் கறுத்துவிட்டது. பலகைகள் கூரையில்லாத முற்றத்தில் ஓலைக்கடியில் கிடந்தன. நனைந்தால் பொங்கிப்போகும். வண்டிகளைக் கட்டினோம்.

பாறசாலை தாண்டி, ரோட்டோரம் ஒரு குளம் இருந்த இடத்தில் போலீஸ் நின்றது. மேகம் இன்னும் மேலேறவில்லை, நல்ல உச்சி வெயில். வடக்கேயிருந்து வந்த இன்ஸ்பெக்டர் போல. தமிழ் தெரியாது, மலையாளம்தான். அந்த நாட்களில் ரோட்டோரச் சுவர்களிலெல்லாம் கோஷங்கள் எழுதியிருந்தார்கள். தமிழ் எழுத்து, வெள்ளைச் சுண்ணாம்பு. எங்கள் வண்டியிலும் அதேதான். தமிழ் எழுத்து, வெள்ளைச் சுண்ணாம்பு.

"எந்தாடா இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வீடாணு சாரே" என்றார் மேஸ்திரி.

"வீடோ? ஓரோ பலகையிலும் ஓரோ அட்சரம். எல்லாம் சேர்த்து வெச்சால் எந்தாடா எழுதியிரிக்குன்னது?"

"சேர்த்து வெச்சால் வீடாணு சாரே."

ஒரு போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கொடியோ நோட்டீஸோ உள்ளே இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பலகைகளை இழுத்து ரோட்டோரம் வீசினார்கள். வரிசையாக அடுக்கி, வைக்கோல் வைத்துக் கட்டியிருந்தது எல்லாம் ஒரு குவியலாகிவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் இன்ஸ்பெக்டருக்குத் திருப்தி இல்லை. இதை ஊர்வலத்தில் தூக்கிக்கொண்டு போகமாட்டீர்கள் என்று என்ன நிச்சயம், எழுத்தை அழித்துவிட்டுக் கொண்டுபோ, இல்லையென்றால் வண்டியும் ஆளும் ஸ்டேஷனுக்கு என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு நிழலுக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊர்ப்பக்கத்துப் போலீஸ்காரர் ஒருவர் அருகில் வந்து மெல்லச் சொன்னார்: "அண்ணாச்சி, தொடச்சிட்டுப் போயிரும். நேத்து உள்ள போனவனெல்லாம் இன்னும் நடக்கமுடியாமக் கிடக்கான்."

வண்டிக்காரர்களில் ஒருவருக்கு முந்தின மாதம் அடிபட்ட கை துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அந்த நிலையிலும், "வீட்டுக்கே ஜாமீன் எடுக்கணும் போல இருக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மேஸ்திரி குவியலைப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தூணைத் தட்டிப்பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"குளத்துக்குக் கொண்டு போங்கலே."

"மேஸ்திரி, டீச்சர்கிட்ட ஒரு வாக்கு கேட்டுட்டு..." என்றேன்.

"டீச்சருக்கு வீடு வேணும். உங்க வீட்டுல உள்ளவளுகளுக்கு நீங்க வேணும். கொண்டு போ, எலே."

தேங்காய் நார்த் தும்பால் தேய்த்தோம். சுண்ணாம்பு கறை பிடிக்காமல் போகும் என்று டீச்சர் சொன்னது சரிதான். கறையே இல்லாமல் போனது. டீச்சரின் 'மை' ஒன்று என் கையடியில் கரைந்து தண்ணீரில் வெள்ளையாக ஓடியதை நான் பார்த்தேன். மேஸ்திரி போலீஸ்காரர்கள் காணாமல் சாவிக்கொத்தை எடுத்து ஒருசில பலகைகளின் ஓரத்தில் அடையாளமாகக் கீறினார். எந்தப் பலகை என்று பார்த்துக் கீற அவகாசமில்லை. எழுத்து போன பலகை எல்லாம் ஒரே முகம்தான் மக்களே. திரும்ப வண்டி கட்டி ஏற்றும்போது மழை பிடித்துக்கொண்டது.

குழித்துறையில் கூரை நின்றது, தூண் நின்றது, சுவர் நிற்கவில்லை. நாக்கும் பள்ளமும் அந்தந்தப் பலகைக்கென்று கையால் செதுக்கியது. பக்கத்துப் பலகை அதில் ஏறாது. நனைந்து பொங்கினது வேறு. ஒன்றை எடுத்து, வைத்துப் பார்த்து, கழற்றி, அடுத்ததை எடுத்து, இப்படியே நாட்கள் போயின.

டீச்சர் சனிக்கிழமைகளில் வருவார். சேதி கேட்ட முதல் நாள் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடிபடாம வந்தீங்களே என்று மட்டும் சொன்னார். பிறகு பலகைகளுக்கு நடுவில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தார், தடவினார். "இது அடுக்களை. புகை மணம் போகல." "இது அப்பா சாய்ஞ்சு இருக்கிற இடம். எண்ணெய் மினுக்கம் பாரு." ஒரு பலகையில் வெற்றிலை அளவுக்குக் கருகின அடையாளம் இருந்தது. அதைப் பார்த்ததும் மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் சின்னதுல விளக்கைச் சாய்ச்சு வச்சுப் படிச்சு சுட்டது. தெற்குச் சுவரு. கதவுல இருந்து மூணாவது. அம்மா போட்ட போடு இப்பவும் முதுகுல உண்டு."

அவர் அப்படிச் சொல்லச்சொல்ல அடுக்களைச் சுவர் நின்றது, தெற்குச் சுவர் நின்றது. வாழ்ந்த இடமெல்லாம் அவருக்குத் தெரிந்தது. நெல்லறை தெரியவில்லை. இருட்டுக்குள் நிற்கிற பலகை, புகையும் இல்லை, எண்ணெயும் இல்லை. பிள்ளைகள் கரியால் எழுதியதையெல்லாம் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்கள். எந்த அறைக்காக அந்த வீட்டைக் காப்பாற்ற நினைத்தாரோ அந்த அறையைத்தான் அவரால் அடையாளம் சொல்ல முடியவில்லை.

ஒரு நாள் மேஸ்திரி இழைப்புளியை எடுத்தார். ஏறாத ஒரு நெல்லறைப் பலகையின் நாக்கை லேசாகச் சீவினார். சுருள் ஒன்று கீழே விழுந்தது. பலகை ஏறிவிட்டது. ஆனால் அது அந்த இடத்துப் பலகை இல்லை என்று அவருக்குத் தெரியும். சுருளைக் குனிந்து எடுத்து, கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு ஏறின பலகையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"இப்படி நிறுத்துனா வேற வீடாக்கும்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த வளாகத்தில் கருவி எடுக்கவில்லை.

அதற்குள் எல்லை முடிவாகிவிட்டது. குழித்துறை தமிழ்நாட்டுக்குப் போயிற்று. அங்கே வெடி போட்டுக் கொண்டாடினார்கள். பாறசாலையும் மாவிளையும் கேரளத்தில் நின்றுவிட்டன. டீச்சர் பாறசாலை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறைக்கு மாறியிருந்தார். நான் சேதி சொல்லப் போனபோது, "ஆறு வரைக்கும்னு சொன்னாங்களே" என்றார். வீடு ஒரு ராஜ்யத்தில், வீட்டுக்காரி இன்னொரு ராஜ்யத்தில்.

வாசகசாலைக் கமிட்டியைக் குறை சொல்லமாட்டேன். நெடுநாள் பொறுத்தார்கள். புது அரசாங்கம் அங்கே கட்டடம் தரும் என்ற பேச்சு வந்தபிறகு, பாதி நின்ற வீடு அவர்களுக்குப் பாரமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபைக் கோயில் முற்றத்தில் ஏலம் போட்டார்கள். தூண் ஒருவருக்கு, கதவு ஒருவருக்கு, நெல்லறைப் பலகைகள் மரக்கடைக்கு. டீச்சர் வந்திருந்தார். குடையை மடக்காமல் வேப்பமர நிழலிலேயே நின்றார். விளக்குச் சூடு பட்ட பலகை வந்தபோது அவர் கேட்பார் என்று நான் நினைத்தேன். கேட்கவில்லை. ஒத்தைப் பலகையை வைத்து என்ன செய்ய என்று நினைத்திருப்பார். அதைச் சபையே எடுத்து, கோயிலுக்கு ஒரு பெஞ்சாக்கியது.

மேஸ்திரி பிறகு வீடு பிரிக்கப் போகவில்லை. ஒரு மரக்கடையில் அளவு பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வீடுகள் பலகையாக வந்து இறங்கும். அதை எப்படிப் பார்த்துக்கொண்டு இருந்தாரோ தெரியவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாகிறவரை அங்கேயே இருந்தார்.

அவர் கொடுத்த கருவிப்பையோடு கூட்டத்தை நான் ஏற்று நடத்தினேன். உங்களைப் படிக்கவைத்ததும் அதில்தான். நிறைய வீடு நிறுத்தியிருக்கிறேன், அம்பூரி மலையிலிருந்துகூடக் கொண்டுவந்திருக்கிறேன். கீறல் விழக்கூடாது என்று கையைப் பிடித்த வீட்டுக்காரர்கள் உண்டு. அவர்களிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "காயம் பட்டாவது நிக்கட்டும் அம்மா." ஸ்டீபா, உன் லேபிளும் போட்டோவும் இருக்கட்டும். மறைகிற பக்கத்தில் ஒரு உளிக்குறியும் போடச் சொல். இந்த எழுத்து முழுவதிலும் அப்பா உன்னிடம் கேட்பது அது ஒன்றுதான்.

கிறிஸ்துமஸ் தோறும் டீச்சரைப் பார்க்கப் போவேன். கடைசி வருஷங்களில் கண்ணில் படலம் விழுந்துவிட்டது. அறைக்குள் சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். வெளியே வரும்போது கை கதவுக்கு இடதுபக்கம், தோளுயரத்தில், வெறும் சுவரைத் துழாவும். அங்கே ஒன்றும் கிடையாது. மாவிளை வீட்டில் தாழ்ப்பாள் அந்த இடத்தில்தான். நான் கழற்றியவன், எனக்குத் தெரியும். ஒருமுறை என்னைப் பக்கத்தில் இருக்கச் சொல்லி, "அன்னைக்கு மேஸ்திரிய வெட்ட விட்டிருக்கலாம், இல்லையா தங்கையா?" என்று கேட்டார். நான் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

டீச்சரை அடக்கம் பண்ணின மறுநாள், உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல், பஸ் ஏறிக் களியக்காவிளை எல்லை தாண்டிக் குழித்துறைக்குப் போனேன். கோயிலில் ஆள் இல்லை. அந்த பெஞ்ச் பின்வரிசையில், சுவரோரம் கிடந்தது. எண்ணெய்ச் சாயம் அடித்திருந்தார்கள். ஆனாலும் கருகின இடம் விரலுக்குத் தட்டுப்பட்டது. பெஞ்சைத் தலைகீழாகக் கவிழ்த்து, தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து மேஸ்திரியின் சின்ன உளியை எடுத்தேன். பலகையின் அடியில் இரண்டு கோடு வெட்டினேன். அதற்குக் கீழே மூன்று புள்ளி குத்தினேன். தெற்குச் சுவர், கதவிலிருந்து மூன்றாவது. விழுந்த தூளைத் தோர்த்தால் கூட்டி எடுத்துக்கொண்டு, பெஞ்சை நிமிர்த்தி, முன்பு இருந்த இடத்திலேயே சுவரோடு சேர்த்து வைத்தேன்.